வெடிக்கார ஐயாவின் நாலாவது ஓட்டை

எங்கள் தோட்டத்து வெடிக்கார ஐயாவைப் போலத் துவக்குச் சுடத் தெரியாத ஒரு மனிதர் இந்தத் தீவில் அவருக்கு முன்பும் பிறந்ததில்லை, பின்பும் பிறக்கவில்லை. இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்வதாக நினைக்க வேண்டாம். கிட்டத்தட்ட ஒரு வருடம், காய்ச்சலில் படுத்த ஒரு நாள் தவிர, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், அவர் சுட்ட குண்டுகள் வந்து சேர்கிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். சேர்கிற பக்கம் என்று சொல்வதுகூடப் பிழை. அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்பது அந்த மலைக்குத்தான் தெரியும்.

கஹவத்தைக்கும் ஓப்பநாயக்கவுக்கும் நடுவில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் ஏறினால் எங்கள் தோட்டம். அறுபதுகளின் பிற்பகுதி அது. அவர் அங்கே தேயிலை ஃபெக்டரியில் டீமேக்கர். நான் அவருக்குக் கீழே ஃபெக்டரி கிளாக்கர். முப்பது வயது, கல்யாணமாகி ஒரு பிள்ளை. வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருடைய மூக்கைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். குவாட்டர்ஸில் குளித்துக்கொண்டிருப்பார். காற்றில் வருகிற வாசனையைப் பிடித்துவிட்டு, "அரைச்ச கொழுந்து அஞ்சு நிமிசம் கூடிப்போச்சு, எவன்டா பாத்துக்கிட்டு இருக்கிறவன்" என்று துண்டோடு ஃபெக்டரிக்கு ஓடி வருவார். வந்து பார்த்தால் ஐந்து நிமிடம் கூடித்தான் இருக்கும். இதற்காகக் கொழுந்து அரைக்கிற ரோலர் அறையில் மணிக்கூடு வைப்பதையே விட்டுவிட்டோம்.

அப்படிப்பட்ட மனிதரைக் கெடுத்தது ஒரு வெள்ளைக்காரத் துரை. ஊருக்குக் கப்பலேறப்போன அவர் வீட்டுச் சாமான்களை விற்றார். ஹெட் கிளாக்கர் சாய்மனைக் கதிரை வாங்கினார். டிஸ்பென்சர் ஐயா கண்ணாடி அலுமாரி வாங்கினார். எங்கள் ஆள் ஒற்றைக்குண்டு ரைபிள் ஒன்றை வாங்கி, முறையாக லைசன்ஸும் எடுத்து, அதைப் பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றோடு டீமேக்கர் ஐயா என்ற பெயர் போய், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துச் சனம் அவருக்கு வெடிக்கார ஐயா என்று பெயர் வைத்துவிட்டது.

முதல் வெடி அவர் வீட்டுக் கொய்யா மரத்துக் குரங்குக்கு. பிற்பகல் இரண்டு மணி இருக்கும். குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அது மிச்சக் கொய்யாவையும் தின்றுவிட்டுத்தான் போனது. குண்டு போய்ப் பட்டது, வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டில். 'டங்' என்று ஒரே ஒரு சத்தம். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நாற்பது பெண்களுக்கு அது போதுமாக இருந்தது. வேலை விட்டாச்சு என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக இறங்கிவிட்டார்கள். கங்காணி குறுக்கே நின்று கத்தியும் ஒருத்தி கூடத் திரும்பவில்லை. மணி அடித்தது அடித்ததுதானே என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. விசையை இழுக்கிற நொடியில் அவர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்வார். பக்கத்தில் நின்று பார்த்த எல்லோருக்கும் இது தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. ஒருநாள் நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நான் கண்ண மூடுறேனா?" என்றார். "அப்ப கொரங்கு ஓடுனது எனக்கு எப்படித் தம்பி தெரிஞ்சுச்சு?"

குரங்கு ஓடவே இல்லை.

வெள்ளைக்காரருக்குப் பிறகு வந்த பெரிய துரை சிங்களவர். படையில் தொண்டராக இருந்து சூட்டுப் போட்டியில் பதக்கமெல்லாம் வாங்கியவர். தோட்டத் தமிழை எங்களைவிட அதட்டலாகப் பேசுவார். தண்டவாள விஷயம் காதுக்கு எட்டியதும் டீமேக்கரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"ஒண்ணு துவக்க வித்துப்போடு, இல்லாட்டி சுடப் பழகு."

"எங்க சேர் பழகுறது?"

"ஒன் குவாட்டர்ஸுக்குப் பின்னால காடு மண்டிக் கெடக்குத்தானே. வெட்டி எடு. வெடி பழகுறமட்டும் அந்த எடம் ஒனக்கு. நிப்பாட்டின அடுத்த நாள் நான் அதுல தேயில நடுவேன்."

பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்தக் கடைசி வாக்கியம்தான் காரணம். அதனால் வாசகர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தக் காலத்திலோ தேயிலை இருந்து கைவிட்ட சரிவு அது. ஆளுயரத்துக்கு மானாப்புல்லும் இலுக்குப் புல்லும், இடையில் உண்ணிச்செடியும் முள்ளும். உள்ளே போனவன் வெளியே வரும்போது இரண்டு காலிலும் அட்டை தொங்கும். டீமேக்கர் ஒரு கடதாசியில் படம் போட்டார். எழுபது கஜ நீளம், நேர் கோடு, ஒரு முனையில் சுடுகிறவர் படுக்க மேடை, மறு முனையில் குண்டு போய்ச் சொருக மண்மேடு. வெட்டுகிறவர்களுக்கு அங்கே கிடைக்கிற விறகு முழுவதும் சொந்தம் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியசாமிக் கங்காணி பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நடுச்சரிவில் ஒரு குளவிக் கூடு இருந்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். "தள்ளுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று டீமேக்கர் இருபதடி தூரத்தில் நின்று துவக்கைத் தூக்கினார். வெட்ட வந்தவர்களும் நானும் கத்தியைப் போட்டுவிட்டுக் கீழே ஆற்றுப் பக்கம் ஓடினோம். வெடி கேட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. தங்களைத்தான் சுட்டார்கள் என்பது அந்தக் குளவிகளுக்குக் கடைசிவரை தெரியாது. பிறகு பெரியசாமிக் கங்காணி சாயங்காலம் புகை போட்டு அவற்றை அனுப்பி வைத்தார்.

தோட்டத்து ஆட்களிடம் காடு வெட்டச் சொன்னால் அவர்கள் காடு மட்டும் வெட்ட மாட்டார்கள். இரண்டாவது ஞாயிறு டீமேக்கர் வந்து பார்க்கிறார், அவருடைய நேர் கோட்டுக்குக் குறுக்கே இடுப்பளவு ஆழத்தில் கான் வெட்டிக் கிடக்கிறது.

"நான் கான் வெட்டச் சொன்னேனா?"

"சொல்லலீங்க ஐயா," என்றார் கங்காணி. "ஆனா சரிவுல காடு வெட்டிட்டு, தண்ணி போகக் கான் வெட்டாம வீட்டுக்குப் போனா ராத்திரி தூக்கம் வராதுங்க."

அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். மண்மேட்டுக்கு முன்னால் ஓடிய கானைக் குறி பார்த்துச் சொல்கிறவன் உட்காருகிற குழியாக வைத்துக்கொள்ளலாம் என்று படத்தைத் திருத்தினார். அந்தக் குழிதான் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை வீடானது.

மண்மேட்டுக்கு மண் தோண்டத் தொடங்கியதும் இன்னொரு தொல்லை வந்தது. இரத்தினபுரிப் பக்கத்தில் ஒருவன் வீட்டுக்குப் பின்னால் பள்ளம் தோண்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு வாரத்துக்குள் கஹவத்தை பஜாரில் மாணிக்க வியாபாரம் செய்கிற ஹாஜியார் குடையும் சிரிப்புமாக வந்து சேர்ந்தார்.

"எனக்கு மட்டும் சொல்லுங்கொ ஐயா. எத்தன அடியில கல்லு ஈக்கி?"

"கல்லு இல்ல ஹாஜியார். இது துவக்கு சுட்டுப் பழகுற எடம்."

"நல்ல பேச்சு. வேற ஆளுக வந்து கேட்டாலும் இப்பிடியே சொல்லுங்கொ," என்று சொல்லிவிட்டு, ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தார். உண்மையைச் சொல்லி நம்பவைக்க முடியாமல் போன ஒரே ஆள் அவர் என்று டீமேக்கர் நொந்துகொள்வார்.

வேலை முடிகிற நாளில் கங்காணி தலையைச் சொறிந்தார். "ஐயா, மண்ணு இப்படி மொட்டையா கெடந்தா மழைக்கு ஓடிருமுங்க. ரெண்டு பக்கமும் என்னத்தயாச்சும் ஊண்டி வச்சா நல்லதுங்க."

"என்னத்த ஊண்டணும்?"

"சும்மா, கம்புங்க."

"ஊண்டு. ஆனா குறிக்கு நேரா எதுவும் வரக்கூடாது."

ஊன்றினார்கள். மூன்றாம் வாரம் அந்தக் கம்புகள் துளிர்விட்டபோதுதான் அவை மரவள்ளி என்று எனக்குத் தெரிந்தது. கூப்பன் அரிசி பாதியாகக் குறைந்துபோன காலம் அது. லயத்தில் பல வீடுகளில் ஒரு நேரம்தான் உலை வைத்தார்கள். மரவள்ளி நட்டால் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும் என்று தோட்டத்துக் காணியில் ஒரு கம்பு கூட நடக்கூடாதென்று பெரிய துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நட்டதைக் கண்டால் காவல் சுற்றுகிற வாச்சர் பிடுங்கி எறிந்துவிடுவான். ஆனால் வெடிக்கார ஐயா சுடுகிற இடத்துப் பக்கம் வாச்சரும் வரமாட்டான், கள்ளனும் வரமாட்டான், பன்றியும் வராது. தோட்டத்திலேயே இப்படி ஒரு வேலி வேறு எங்கும் கிடையாது.

டீமேக்கர் அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. மனிதர் குறிப் பலகையைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. செடி இடுப்பளவுக்கு வந்து ஓர் இலை கண்ணுக்கு நேரே ஆடிய பிறகுதான் எழுந்து நின்று சுற்றிப் பார்த்தார். பார்த்ததும் வந்த கோபம் லேசுப்பட்டதல்ல. "யார் வேல இது?" என்று அவர் கேட்டதற்கு, கொழுந்தெடுக்கிற ராக்கு முன்னால் வந்தாள். புருஷன் செத்து, நாலு பிள்ளைகளோடு இருந்தவள்.

"நாந்தானுங்க மொத கம்பு ஊண்டுனேன். பொறகு எல்லாரும் ஊண்டுனாங்க."

"துரை பாத்தா என்ன ஆகும் தெரியுமா?"

"பிடுங்கச் சொல்லுவாருங்க."

"என்னைய என்ன சொல்லுவாரு?"

"அது தெரியலீங்க ஐயா. பிள்ளைக ராத்திரியில பசின்னு எந்திரிச்சு உக்காந்துக்குதுங்க. அதுதாங்க தெரியும்."

அவர் கொஞ்ச நேரம் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "எலை குறிக்கு நேரா வந்தா ஒடிச்சு விடணும். நான் படுத்துச் சுடுறப்ப கண்ணுல உரசுது," என்று மட்டும் சொன்னார். மரவள்ளி தப்பியது.

இனி என் பாவத்துக்கு வருகிறேன். தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகையில் கரிவட்டம் வரைந்து இரண்டு மூங்கிலில் கட்டியிருந்தோம். கயிற்றை இழுத்தால் அது கானுக்குள் இறங்கும். நான் உள்ளே உட்கார்ந்திருந்து, ஒவ்வொரு வெடிக்கும் பலகையை இறக்கிப் பார்த்து, பட்டிருந்தால் ஒரு டின் மூடியைக் கம்பில் தூக்கிக் காட்ட வேண்டும். படாவிட்டால் சிவப்புத் துணி. முதல் நாலு ஞாயிறும் சிவப்புத் துணியைத் தவிர வேறொன்றையும் நான் தூக்கவில்லை. டின் மூடியில் துருப்பிடித்துவிட்டது.

இதன் பலன் திங்கட்கிழமை ஃபெக்டரியில் தெரியும். எந்தத் தேயிலையும் அவர் மூக்குக்குப் பிடிக்காது. தரையை இரண்டு தரம் கழுவச் சொல்வார். ரோலரைக் கழற்றிப் பூட்டச் சொல்வார். நாலாவது திங்கட்கிழமை ரோலர் அறை ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கிளாக்கரய்யா, வர்ற ஞாயித்துக்கெழம ஐயாவுக்கு ஒண்ணு ரெண்டு படட்டுமே."

"படாட்டி நான் என்னப்பா செய்யட்டும்?"

"பட வைங்களேன். ஒங்க கையிலதானே பலகை இருக்கு."

அடுத்த ஞாயிறு மூன்றாவது வெடிக்குப் பலகையை இறக்கினேன். சட்டைப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, வட்டத்துக்கு வெளியே அடக்கமாக ஓர் ஓட்டை போட்டேன். டின் மூடியைத் தூக்கினேன். எட்டிப் பார்த்தால் மனிதர் மேடையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க பட்டுச்சு?" என்று அங்கிருந்தே கேட்டார். "நடுவுக்கு ஒரு சாண் வலது பக்கமுங்க" என்றேன். அந்தத் திங்கட்கிழமை ஃபெக்டரியில் எல்லோருக்கும் அவர் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ரோலர் அறையில் பாட்டுச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நான் அவரைக் கவனமாக வளர்த்தேன். முதல் மாதம் பத்துக்கு இரண்டு. அடுத்த மாதம் நாலு. மழை நாளில் குறைத்தேன். அவரிடம் ஏழு குண்டு மட்டும் இருந்த ஒருநாள், என் பிள்ளையின் பிறந்த நாள் சந்தோஷத்தில் ஏழுக்கு ஏழு கொடுத்துவிட்டேன். மறுநாள் மனிதர் கொழும்புப் போட்டிக்குப் பெயர் கொடுக்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு பத்துக்கு ஒன்று கொடுத்துத்தான் அதைக் கிழிக்க வைக்க முடிந்தது.

நடுவில் எனக்கு ஒரு தரம் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். அந்த ஞாயிறு கானுக்குள் இறங்கியவர் பெரியசாமிக் கங்காணி. நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. பத்து வெடிக்கும் பத்துத் தரம் சிவப்புத் துணியை ஆட்டியிருக்கிறார். டீமேக்கர் சாயங்காலம் என்னைப் பார்க்க வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என் கை போயிருச்சு தம்பி. துவக்கக் குடுத்திரப் போறேன். எடத்தயும் துரைகிட்டயே ஒப்படைச்சிர்றேன்."

அந்தச் செய்தி எப்படித்தான் லயத்துக்குப் போனதோ, அவர் படியிறங்கி அரை மணி நேரத்தில் ராக்கு கொத்தமல்லிக் கசாயத்தோடு என் வாசலில் நின்றாள்.

"கெழங்கு இப்பதாங்க விரல் மொத்தம் ஆயிருக்கு. ஐயா துவக்க மூலையில வச்சிட்டா எங்க கதி என்னங்க? வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள எந்திரிச்சிருவீங்களா?"

எழுந்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கானுக்குள் உட்கார்ந்து எட்டு ஓட்டை போட்டேன். என் பெஞ்சாதி வாசலில் நின்று, துவக்குக்காரர் ஒருத்தர், ஆணிக்காரர் ஒருத்தர், நல்ல ஃபெக்டரி என்று திட்டினாள்.

ஒன்பது மாதம் முடிந்தது. செடி தலைக்கு மேல் வளர்ந்து, நடுவில் மூன்றடி அகலத்தில் ஒரு சந்து மட்டும்தான் குண்டு போக மிச்சமிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டால் கிழங்கு முற்றிவிடும். அந்த நேரம் பார்த்து டீமேக்கர் பெரிய துரையிடம் போய்த் தன் கெட்டித்தனத்தைச் சொல்லியிருக்கிறார். துரை, "அப்பிடியா? இந்த ஞாயித்துக்கெழம வந்து பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்லி நாங்கள் கெஞ்சிப் பார்த்தோம். "ஏன் தள்ளணும்? கை சூடா இருக்கிற நேரம் தம்பி இது" என்று அவர் சிரித்தார்.

துரை வந்தார். சந்தின் வாயில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். நான் கானுக்குள் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டீமேக்கர், இது மஞ்ஞொக்காதானே? மஞ்ஞொக்கா நட வேணாம்னு நான் சொன்னது யாருக்கு?" மரவள்ளிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர்.

"பன்னி வெடி பழகுறதுக்கு சேர். பன்னி வர்ற எடம் மாதிரியே இருக்கணும்னு செஞ்சது."

குவாட்டர்ஸ் வேலிப் பக்கம் ராக்குவும் லயத்துப் பெண்களும் நிற்பதையும் துரை பார்த்திருப்பார். "சரி. அஞ்சு வெடி வை. மூணு பட்டா மஞ்ஞொக்கா இருக்கட்டும். படாட்டி நாளைக்குக் காலையில எல்லாத்தையும் பிடுங்க ஆள் வரும். அஞ்சும் முடியுமட்டும் பலகைய எறக்கக் கூடாது, மூடியும் துணியும் வேணாம்."

இத்தனை நாளும் பலகையை இறக்கி வைத்து முன்பக்கமாக நிதானமாகக் குத்தியவன் நான். இன்றைக்கு அது மேலேயே நிற்கப் போகிறது. ஒரே வழிதான் இருந்தது. தேயிலைக் கம்பு ஒன்றின் நுனியில் ஆணியைக் கட்டி, குழிக்குள்ளிருந்து கையை நீட்டிப் பின்பக்கமாகக் குத்துவது. சுடுகிற பலகைக்குப் பின்னால் கையை நீட்டப் பயமில்லையா என்று கேட்பீர்கள். அந்தத் தோட்டத்திலேயே ஆகப் பாதுகாப்பான இடம் அதுதான்.

முதல் வெடி. குத்தினேன். இரண்டாவது. குத்தினேன். மூன்றாவதும் ஆயிற்று. நாலாவதுக்குச் சும்மா இருந்தேன். ஐந்தாவது வெடி வரத் தாமதமானது. எதற்கும் இன்னொன்று இருக்கட்டும் என்று கையைத் தூக்கினேன். ஆணி பலகையைத் தொடுவதற்கு முன்பே வெடி கேட்டது. பலகை உதறியது. என் சட்டைக் கையை யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

மேலே நடந்ததைக் கங்காணி பிறகு எனக்குச் சொன்னார். மூடி ஏறாததால் பட்டதா இல்லையா என்று டீமேக்கருக்குத் தெரியவில்லை. கடைசி வெடிக்கு முன்னால் தலையைத் தூக்கி வேலிப் பக்கம் பார்த்திருக்கிறார். ராக்கு கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாளாம். "அந்த ஒரு வெடிக்கு ஐயா கண்ண மூடலீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்," என்றார் கங்காணி.

துரையும் டீமேக்கரும் நடந்து வந்தார்கள். பலகையைக் கழற்றிக் கையில் எடுத்தார் துரை. அன்றைக்குக் கட்டிய புதுப் பலகை அது. நாலு ஓட்டைகள். பெருவிரலால் ஒன்றைத் தடவியவர், விருட்டென்று கையை எடுத்து விரலை வாயில் வைத்தார். சிராய் குத்திவிட்டது. மூன்று ஓட்டைகளில் மரநார் அவரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. பலகையைத் திருப்பினார். பின்பக்கத்தில் அந்த மூன்றும் மழமழவென்று இருந்தன. ஒன்று மட்டும்தான் முன்னால் மழமழப்பாகவும் பின்னால் பிய்ந்தும் இருந்தது.

"டீமேக்கர், இந்த மூணும் பின்பக்கத்தால வந்திருக்குதே."

டீமேக்கர் பலகையை வாங்கினார். நான் கானுக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு, கையில் ஆணிக் கம்போடு நிற்கிறேன். அவர் பலகையை மூக்கருகே கொண்டுபோய் ஒவ்வொரு ஓட்டையாக மோந்து பார்த்தார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் மூக்கு நின்றது. இன்னொரு தரம் மோந்தார். அந்த மூக்கு ஒரு நாளும் பிழைத்ததில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்பது மாத ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விட்டதை நான் கண்டேன். எனக்கு அந்தக் கானுக்குள்ளேயே புதைந்துவிட வேண்டும் போலிருந்தது.

பிறகு அவர் வேலிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் துரையிடம் திரும்பினார்.

"மண்மேட்டுல பட்டுத் திரும்பி வந்திருக்கு சேர்."

"மூணுமா?"

"மூணும் சேர். இது ஒரு மாதிரியான மண்ணு. மாணிக்கக்காரங்களே வந்து பாத்துட்டுப் போனாங்க."

"அப்ப இந்த ஒண்ணு மட்டும் ஏன் நேரா போயிருக்கு?"

டீமேக்கர் அந்த ஓட்டையைப் பெருவிரலால் மூடினார். வாழ்க்கையில் அவர் குறிபார்த்துச் சுட்டுப் பட்டது அது ஒன்றுதான்.

"அது தவறிப் போனது சேர்," என்றார்.

துரை விரலைச் சப்பிக்கொண்டே மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகத்தைக் கடுமையாக வைத்திருந்தார். "குண்டு திரும்பி வர்ற எடம் ஆபத்து. மஞ்ஞொக்கா கெழங்கு எடுக்குமட்டும் வாச்சர்கூட இங்க வரக்கூடாது. பொறகு நான் தேயில நடுவேன். இந்தத் துவக்கு ஒன்கிட்ட இருக்க வேணாம், நாளைக்கே பொலிஸ்ல ஒப்படைச்சிரு."

"சரி சேர்," என்றார் டீமேக்கர்.

துரை போன பிறகு இரண்டு பேரும் சந்து வழியாக நடந்தோம். அவர் தோளில் துவக்கு, என் கையில் ஆணிக் கம்பு.

"எத்தன நாளா தம்பி?"

"மொத நாலு ஞாயித்துக்கெழமைக்குப் பொறகு எல்லாமுங்க ஐயா."

"ஏழுக்கு ஏழு பட்டுச்சே?"

"அதுவுந்தாங்க."

"மழையில ஒண்ணு, நட்ட நடுவுல?"

"அன்னைக்கு ஆணி வழுக்கிருச்சுங்க."

"நீ நல்லா குறி பாத்துக் குத்தியிருக்க," என்றார். அப்போதுதான் என் சட்டைக் கையில் இருந்த ஓட்டையைக் கண்டார். அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசல் வரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்துக் கிழங்கு பிடுங்கினார்கள். முதல் கிழங்கை ராக்கு அவித்து, மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மரவள்ளி தனக்கு ஆகாது, வாயுப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டே ஆறு துண்டு சாப்பிட்டார். சரிவில் தேயிலை வந்தது. துவக்கு போனாலும் வெடிக்கார ஐயா என்ற பெயர் போகவில்லை. யாராவது அந்தக் கதையை எடுத்தால், அந்த மண் ஒரு மாதிரியான மண் என்று மட்டும் சொல்வார்.

சில வருடம் கழித்து, தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசும் செய்த ஒப்பந்தப்படி அவருக்கு இந்தியாவுக்குப் போக உத்தரவு வந்தது. சாமான் கட்ட உதவிக்குப் போயிருந்தேன். பாத்திரம் வைத்த பெரிய மரப்பெட்டிக்கு மூடியாக ஆணியடித்திருந்த பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். கரிவட்டம் மங்கலாகத் தெரிந்தது. என்னுடைய மூன்று ஓட்டைகளுக்கும் அரக்கு உருக்கி ஊற்றி ஒழுங்காக அடைத்திருந்தார். நாலாவது திறந்தே இருந்தது.

"ஐயா, இதையும் அடைச்சிருவமா? கப்பல்ல தண்ணி உள்ள போகுமே," என்றேன்.

"அது இருக்கட்டும் தம்பி," என்றார் அவர், கயிற்றை இறுக்கிக்கொண்டே. "ஒன் சட்டையில இருந்தது தச்சுட்டியா?"

தைக்கவில்லை. இன்றைக்கும் தைக்கவில்லை.